இந்த வீட்டுக்கு ஒத்துப்போகிற கல்

பூப்பாத்திக்கு ஓரம் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பூவைப் பார்த்துக் கல் வாங்குகிறார்கள். பூ இன்றைக்குப் பூக்கும், நாளைக்கு வாடும். வீடு அப்படியே நிற்கும். அதனால் ஓரக்கல் வீட்டின் முகத்துக்குத்தான் ஒத்துப்போக வேண்டும். சுவரின் நிறம் என்ன, அதன் காலடியில் அடிமட்டத்தில் என்ன கல் பதித்திருக்கிறது, மாலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, இதையெல்லாம் தெருவில் நின்றுதான் பார்க்க வேண்டும். நான் அப்படித்தான் பார்த்தேன் மேடம். குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றிருந்தேன். தெருவில் போனவர்கள் நான் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் வந்ததும் வராததுமாக, "இந்தக் கல்லு எங்க வாங்குனீங்க?" என்று கேட்டதில் எனக்குச் சந்தோஷம். நான் புகார் கொடுத்தது வேறு விஷயத்துக்கு. விடியற்காலையில் யாரோ சுற்றுச்சுவர் ஏறி உள்ளே வந்து, என் பாத்திக் கற்களின் மேல் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் உரசிவிட்டுப் போகிறார்கள். விஜயலட்சுமி, கணவர் பெயர் ராஜராஜன், மஸ்கட்டில் வேலை என்று எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள், கேட்டின் பூட்டைப் பார்த்தீர்கள். அப்புறம் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தீர்கள். முன்னால் வந்த ஏட்டு அதைச் செய்யவில்லை. உங்கள் சட்டையில் எழில்மொழி என்று போட்டிருக்கிறது. நல்ல பெயர். உட்காருங்கள், கல் வந்த கதையைச் சொன்னால்தான் மஞ்சள் கதை உங்களுக்குப் புரியும்.

இந்த வீட்டில் நானும் என் கணவரின் அக்கா பிரகதாம்பாளும் இருந்தோம். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்க்க வேண்டும் என்று அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நிலத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். நாற்று எப்போது விடுவது, எந்த வயலுக்கு எந்த மடையைத் திறப்பது என்று கீழ்வேளூர்ப் பக்கத்து ஆண்களே அவரிடம் வந்து கேட்பார்கள். குறுவைக்குத் தண்ணீர் வந்தபோது கொல்லையில் ஓடும் வாய்க்காலில் குளிக்கப் போய், அடித்துக்கொண்டு போய்விட்டார். கீழே மதகுக் கதவில் உடம்பு கிடைத்தது. படியில் வழுக்கி விழுந்தார் என்று உங்கள் ஸ்டேஷனில்தான் எழுதி முடித்தார்கள். அப்போது நீங்கள் மாற்றலாகி வரவில்லை.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. இரண்டு முறையும் என்னைக் கீழே இறங்கவிடாமல் படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். விசாரிக்க வந்த சொந்தக்காரர்களிடம் எனக்கு மஞ்சள் காமாலை என்று பொய் சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்டவர். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் பொறாமைக்காரி என்று யாராவது சொன்னால் அதற்குப் பக்கத்திலேயே இதுவும் இருக்கட்டும்.

ஆனால் அவருக்கு ஒரு பேச்சு உண்டு. நம்ம வீட்டுக்கு ஒத்துப்போகுமா என்பார். திரைச்சீலை வாங்கினாலும் அதே பேச்சு, பசுமாடு வாங்கினாலும் அதே பேச்சு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே, "நம்ம வீட்டுக்கு ஒத்துப்போவாளா, பாப்போம்" என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். எல்லோரும் சிரித்தார்கள், என் அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் அந்தப் 'பாப்போம்' எப்போது முடியும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பார்த்து முடித்ததாகத் தெரியவில்லை.

போன வருஷம் என் கணவர் பணம் அனுப்பி வீட்டின் முன்பக்கத்தைப் புதுசாகச் செய்யச் சொன்னார். சுவருக்கு இந்த வெளிர் சந்தன நிறத்தை அக்காதான் தேர்ந்தெடுத்தார். அடிமட்டத்தில் கருங்கல் பதித்ததும் அவர்தான், கேட்டும் அவர்தான், வாசல் விளக்கும் அவர்தான். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்பார். பொருள் வந்து இறங்கிய பிறகு கேட்பார். கண்ணில் புரை வளர்ந்து பாதிப் பார்வைதான் இருந்தது. இருந்தாலும் நிறத்தில் அவர் தவறியதே இல்லை. பாருங்கள், மாலையில் இந்தச் சுவர் என்ன அழகாக இருக்கிறது.

கடைசியில் மிஞ்சியது ஜன்னலுக்குக் கீழே இந்தப் பாத்தி. முன்பு அங்கே சாய்த்துப் புதைத்த செங்கல் வரிசை இருந்தது, ஒரு கல்லுக்குக் காவி, ஒரு கல்லுக்கு வெள்ளை. உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிறதே, அதே மாதிரிதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், அரசாங்கக் கட்டடத்துக்கு அது பொருத்தம்தான். அக்கா அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "பூப்பாத்தி உன் இஷ்டம்மா" என்றார். என் இஷ்டம் என்று இந்த வீட்டில் நான் கேட்ட முதல் வார்த்தை அது.

முதலில் ஆன்லைனில் வெள்ளை பிளாஸ்டிக் வேலி வாங்கினேன். நட்டுவிட்டுத் தெருவில் நின்று பார்த்தால் ஐஸ்கிரீம் கடை மாதிரி இருந்தது. அக்கா விரலால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானே பிடுங்கிவிட்டேன். அப்புறம் நாகப்பட்டினத்தில் ஒரு கடையிலிருந்து அலை அலையாக வார்த்த சிமெண்ட் ஓரம் வாங்கி வந்தேன், செங்காவி நிறம். இப்போது அக்கா சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வீட்டுக்கு ஒத்துப்போகலியேம்மா."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சந்தனச் சுவர், கருங்கல் அடிமட்டம், அதன் காலடியில் செங்காவி அலை. கல்யாண வீட்டில் யாரோ தெரியாதவர் வந்து பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. தெரிந்தே வாங்கினேனா, தெரியாமல் வாங்கினேனா என்று எனக்கே புரியவில்லை. எனக்கு ரசனை உண்டு மேடம். என் அப்பா வீட்டில் கோலத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வீட்டுக்குள் வந்த பிறகு எதைத் தொட்டாலும் ஒரு விரல் தள்ளியே விழுந்தது.

அந்தச் சுவருக்குக் கருங்கல்தான் வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் கடையில் விற்பது இயந்திரத்தில் அறுத்த பளபளப்புக் கல். அது வங்கி வாசலுக்குத்தான் லாயக்கு. தேய்ந்த கல் வேண்டும், கறுத்த கல் வேண்டும். அதற்கு எங்கே போவது? இந்தக் கடைமடை மண்ணில் கல்லே கிடையாது. வயலை உழுதால் நத்தை ஓடு வரும், பழைய சட்டி ஓடு வரும், ஒரு கூழாங்கல் வராது. இங்கே கல் என்றால் ஒன்று கோயிலில் இருக்கும், இல்லையென்றால் வாய்க்கால் துறையில் இருக்கும். எந்தக் காலத்திலோ புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து போட்டது.

எங்கள் கொல்லையிலும் ஒரு படித்துறை இருக்கிறது. இந்த வீட்டுக்கு மட்டும் உரியது. மேட்டூரை மூடிவிட்டால் வாய்க்கால் காய்ந்துவிடும். கோடையில் கடைசிப் படி வரைக்கும் வெளியே தெரியும். இந்தச் சித்திரை மாதத்தில் ஒரு நாள் குப்பை கொட்டப் போனவள் அங்கே நின்றுவிட்டேன். மேல்படிகள் வெயிலில் வெளிறிப்போய்க் கிடந்தன. கீழ்ப்படிகள் அப்படி இல்லை. தண்ணீரிலேயே கிடந்து கறுத்து, ஓரமெல்லாம் வழவழவென்று உருண்டு, அடிமட்டக் கருங்கல்லின் அதே நிறம். ஒரு கல்லில் மஞ்சள் உரசி உரசிக் குழி விழுந்திருந்தது. இந்த வீட்டில் வாழ்ந்த பெண்கள் எல்லோரும் உரசிய குழி. குனிந்து தொட்டேன். இதுதான் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில் வாய்க்கால் தூர்வார பொக்லைன் வந்திருந்தது. டிரைவர் பெயர் அன்பரசன், பூம்புகார்ப் பக்கத்துக்காரர், மரியாதையான மனிதர். அக்கா அப்போது கண்ணைக் காட்டத் தஞ்சாவூர் போய், அங்கே சித்தி வீட்டில் தங்கியிருந்தார். நான் அன்பரசனைக் கூப்பிட்டுக் கீழ்ப்படிகளைப் பெயர்த்து முன்பக்கம் கொண்டுவந்து போடச் சொன்னேன்.

"கீழ்ப்படிய எடுத்தா தொற கெட்டுடும்ங்களே. கல்லுதான் வேணும்னா மேல கெடக்கறத எடுத்துக்கலாமுங்க, அதுவும் அதே கல்லுதான்" என்றார்.

மேல்கல் வெளிறியிருக்கிறது, என் வீட்டுக்கு ஒத்துப்போகாது என்றேன். கீழே மாற்றுப் படி போட்டுக்கொள்கிறோம் என்றும் சொன்னேன். உண்மைதான், சிமெண்ட் பலகைக்குச் சொல்லியும் வைத்திருந்தேன். அவர் பக்கெட்டால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்த இடத்தில் சேறு கறுப்பாக இருந்தது. தூர்வாரும் கணக்கில் அந்த இடத்தையும் சேர்த்து ஆழமாகத் தோண்டிவிட்டுப் போனார். வாய்க்காலை இந்த வருஷம் நன்றாகத்தான் தூர்வாரினார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

கற்களைப் பதிப்பதில் ஒரு முறை இருக்கிறது. பாதிக்கு மேல் மண்ணுக்குள் போக வேண்டும், வெளியே தெரிவது கொஞ்சமாக இருக்க வேண்டும். அப்போதுதான் வீடு கட்டிய நாள் முதல் அங்கேயே இருக்கிற மாதிரி தோன்றும். மஞ்சள் குழி விழுந்த கல்லை நடுவில், ஜன்னலுக்கு நேராகப் பதித்தேன். உள்ளே இட்லிப்பூச் செடி வைத்தேன், சிவப்பு. வேலை முடிந்து தெருவுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அழுதேவிட்டேன் மேடம். அப்படி ஒத்துப்போனது.

அக்கா தஞ்சாவூரிலிருந்து வந்தார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குறுவை அறுப்பு முடியட்டும் என்று இவர் தள்ளிப் போட்டுவிட்டார். பையைக்கூட வைக்காமல் பாத்திக்கு முன்னால் குந்தினார். கற்களின் மேல் கையை வைத்து வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். நடுக்கல்லில் கை நின்றது. குழிக்குள் கட்டை விரலை விட்டுப் பார்த்தார்.

"இது தொறக் கல்லாச்சே, எங்கேருந்து வந்துச்சு?"

"வேதாரண்யம் பக்கம் ஒரு பழைய வீட்ட இடிச்சாங்கக்கா. அங்க வாங்கினது" என்றேன். யோசிக்காமல்தான் வந்தது.

"யாரு வீட்டுத் தொறையோ. தொறக் கல்லப் பேக்கறது பாவம்மா." கொஞ்ச நேரம் குழியிலிருந்து விரலை எடுக்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து, சுவரைப் பார்த்து, மறுபடி கல்லைப் பார்த்தார். "ஆனா நம்ம வீட்டுக்கு நல்லா ஒத்துப்போகுது விஜயா. எனக்கே தோணியிருக்காது. ஒன்னோட கண்ணு நல்ல கண்ணு."

விஜயா என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எப்போதும் 'அம்மா'தான், கடைக்காரியையும் அப்படித்தான் கூப்பிடுவார். அன்று சாயங்காலம் மஸ்கட்டுக்குப் போன் போட்டுத் தம்பியிடம் என்னைப் புகழ்ந்தார். அடுத்த வாரம் வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பாத்தியைக் காட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை. காலையில் எழுந்தால் நெஞ்சு லேசாக இருக்கும்.

இப்போது நீங்கள் என் நிலைமையில் இருந்து பார்க்க வேண்டும். கல் நம்முடைய துறையிலிருந்து எடுத்தது, கீழ்ப்படி இல்லை, அங்கே பள்ளம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இறங்க மாட்டார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? கையை எடுத்துக்கொள்வார். திட்ட மாட்டார், அவருக்குத் திட்டத் தெரியாது. "அப்படியாம்மா" என்பார். கல்லை அதன் இடத்தில் திரும்பப் போடச் சொல்வார். மறுபடியும் நான் 'அம்மா' ஆகிவிடுவேன். தினமும் சொல்ல நினைத்தேன். தினமும் காலையில் அவர் பாத்தியருகே நின்று பல் விளக்கிக்கொண்டே, "என்னா அழகா இருக்கு" என்பார். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆனி மாதம் தண்ணீர் வந்தது. முதலில் வருவது சருகும் பிளாஸ்டிக்கும் நுரையுமாக வரும், அதில் யாரும் இறங்க மாட்டார்கள். வாய்க்கால் நிரம்பி மேல்படியைத் தொட்ட பிறகுதான் புதுத்தண்ணீரை வணங்கிக் குளிப்பது. அக்காதான் முதலில் இறங்குவார், அது இந்த வீட்டு வழக்கம். கோடை முழுக்க அவர் துறைப்பக்கம் போகவில்லை, போக வேண்டிய வேலையும் இல்லை. தண்ணீர் மூடிய பிறகு மேல்படி மட்டும்தான் தெரிந்தது. மேல்படி பழையபடியே இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் நான் மாங்காய் பறிக்கிற துரட்டியை எடுத்துக்கொண்டு போய், படி முடிகிற இடத்தில் விட்டுப் பார்த்தேன். கழி முழுக்க உள்ளே போனது, தரை தட்டவில்லை. தண்ணீரின் இழுப்பில் கழியே கையை விட்டுப் போகப் பார்த்தது. ஏன் ஆழம் பார்த்தீர்கள் என்று கேட்பீர்கள். ஜாக்கிரதைக்குத்தான். வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா. உடனே போய்ச் செவ்வந்தியிடம் சொன்னேன். செவ்வந்தி எங்கள் வீட்டில் சமைப்பவள். பாத்திரமும் அவள்தான் தேய்ப்பாள், நான் அடுப்பங்கரைக்கே போவதில்லை. "நாளையிலேர்ந்து தொறைக்குப் போகாத, அடிபம்புலயே தேச்சுக்க" என்றேன். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. நீங்கள் அவளிடம் கேட்டால் அவளும் இதைத்தான் சொல்வாள். ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் ஒரு மஞ்சள் புகாருக்கு இன்ஸ்பெக்டரே வர மாட்டார்கள்.

மறுநாள் விடியலில் அக்கா குளிக்கக் கிளம்பினார். மாடத்தில் மஞ்சள் கிழங்கைத் தேடினார், கைக்குத் தட்டுப்படவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். துண்டையும் தோளில் போட்டுவிட்டேன்.

"கண்ணு சரியாத் தெரியாது, பாத்துப் போங்கக்கா" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் சொன்னேன்.

"எனக்குத் தொறைக்குப் போக கண்ணு எதுக்கு விஜயா? காலுக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான் முன்பக்கம் வந்து பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. வாய்க்கால் சத்தம்தான் கேட்டது. புதுத்தண்ணீர் வந்த பிறகு அந்தச் சத்தம் நாள் முழுக்க வீட்டுக்குள் இருக்கும், பழகிவிடும். தண்ணீர் விட்டுவிட்டு, கற்களில் தெறித்திருந்த மண்ணைத் துணியால் துடைத்தேன். செவ்வந்தி வந்து இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். என்னுடையதைக் குடித்துவிட்டு, அக்காவுடையது ஆறிவிடுமே என்று மேலே தட்டு போட்டு மூடி வைத்தேன். அதற்குப் பிறகுதான் செவ்வந்தி கொல்லைப்பக்கம் போய்க் கத்தினாள். மேல்படியில் துண்டு மடித்தபடி இருந்தது.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்களும் என் கணவரும் திரும்பிப் போன பிறகுதான் இது ஆரம்பித்தது. விடிந்து கதவைத் திறந்தால் பாத்திக் கற்கள் மட்டும் நனைந்திருக்கும். தரை காய்ந்திருக்கும், செடியில் ஒரு துளி இருக்காது. பனி என்று நினைத்தேன். ஆடி மாதத்தில் என்ன பனி? அப்புறம் கற்களில் பாசி பிடித்தது. வாசலெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கிறது, என் பாத்தியில் பச்சைப் பாசி. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன், பிளீச்சிங் பவுடர் போட்டேன். இட்லிப்பூச் செடிதான் கருகியது, பாசி போகவில்லை. வாய்க்கால் வாசனை ஜன்னல் வழியாகப் படுக்கை வரைக்கும் வருகிறது. ஒரு நாள் நடுக்கல்லின் குழியில் மஞ்சள் தண்ணீர் நின்றது. புதுசாக உரசிய மஞ்சள். தொட்டால் விரலில் ஒட்டியது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது தினமும் நடக்கிறது. விடியற்காலையில் அரைத்தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்கிறது. கல்லில் மஞ்சள் உரசுகிற சத்தம், அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்தி. கேமரா வைத்தேன். அதில் யாரும் வரவில்லை. கேட்டும் திறக்கவில்லை, சுவரிலும் ஆள் ஏறவில்லை. என்னைத் தவிர அதில் யாருமே இல்லை. நான் எப்போதும் சீக்கிரம் எழுந்திருக்கிறவள், என் வாசலில் நான் நடமாடுவதில் என்ன இருக்கிறது? குந்தியிருக்கிற மாதிரி தெரிந்தால் களை பிடுங்கியிருப்பேன். நினைவில்லை.

என் கையை ஏன் பார்க்கிறீர்கள்? சமைக்கிற கை மஞ்சளாகத்தான் இருக்கும்.

சரி. நீங்கள் கேட்காமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் தை மாதம் வாய்க்கால் வற்றினால் எல்லோருக்கும் தெரியப்போகிறது. மாற்றுப் படிக்குச் சிமெண்ட் பலகை சொல்லியிருந்தேன் என்றேன் அல்லவா, அது வந்தது. தண்ணீர் வருவதற்கு முன்பே, வாய்க்கால் காய்ந்து கிடந்தபோதே, வண்டியில் கொல்லை வாசலில் வந்து நின்றது. இறக்கிப் பதித்துத் தருகிறோம் என்று ஆட்களும் வந்திருந்தார்கள். அக்கா முன்பக்கம் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாத்தியைக் காட்டிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசுவது கொல்லை வரைக்கும் கேட்டது. பலகையை இறக்கினால் சத்தம் கேட்டு வருவார், எதற்கு என்று கேட்பார். வெளிர்ச் சாம்பல் நிறம், எங்கள் வீட்டுக்கு ஒத்துப்போகாது என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கப்போகிற படிக்கு நிறம் எதற்கு என்று அந்த ஆளும் கேட்டார். நீங்களும் அதைத்தான் கேட்கப்போகிறீர்கள். அங்கே படி இல்லை என்று தெரிந்துதான் அக்காவை அனுப்பினேன், ஆழம் தெரிந்துதான் அனுப்பினேன், மஞ்சளை என் கையாலேயே எடுத்துக் கொடுத்துத்தான் அனுப்பினேன். அவர் திரும்பி வந்திருந்தால் படி எங்கே என்று என்னிடம் கேட்டிருப்பார். கேட்கிற முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் மேடம். எழுதி முடித்ததும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன், உங்களோடு வந்துவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சாட்சிக்கு என்று இந்தக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விடாதீர்கள். இந்த வீட்டுக்கு ஒத்துப்போகிறது என்று அக்கா அவர் வாயாலேயே சொன்னது இது ஒன்றைத்தான்.